கண்ணாடிக் கடையில் ஒரு நல்ல சண்டை

சண்டை மூட்டுவதில் சிண்டுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவனே இதைச் சொல்லிக்கொண்டு திரிவான் என்றாலும், சொன்னதில் பொய்யில்லை. பிசாசுகளில் ஆசை காட்டுகிறவர்கள் உண்டு, பயமுறுத்துகிறவர்கள் உண்டு, சோம்பலை ஊட்டிவிட்டுத் தாங்களும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு. இவனுடைய வேலை சிண்டு முடிவது. ஒற்றுமையாக இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். இவர் காதில் ஒன்று, அவர் காதில் ஒன்று. கொஞ்ச நாளில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். கீழிடத்தில் அவனுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், சிண்டு என்பதே நிலைத்துவிட்டது.

கண்ணாடிக் கடைக்கு அவனை அனுப்பியபோது, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் வந்தான்.

கடைவீதி வளைகிற இடத்தில் இருந்தது அந்தக் கடை. முகப்பு குறுகல், உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீளம். ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டித் தருவார்கள். கண்ணாடிக் கடை என்ற பலகையைப் பார்த்துவிட்டு, காம்பு உடைந்த மூக்குக்கண்ணாடியோடு யாராவது உள்ளே வந்து நிற்பது வாடிக்கை. கடையை நடத்தியவர்கள் இரண்டு சகோதரிகள். அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைக்கு மேலேயே குடியிருந்தாள். அப்பா காலமானபோது கடையையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த தங்கையையும் ஒன்றாகக் கையில் எடுத்தவள். வெட்டு வேலை முழுக்க அவளுடையது. தங்கை பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்தாள். அளவெடுப்பது, ஓரம் தேய்ப்பது, வருகிறவர்களிடம் பேசுவது அவள் பொறுப்பு. பெரிய ஷீட்டைத் தூக்கும்போது மட்டும் அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம்.

சிண்டு உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தான். ஷீட்டுகளை நிறுத்தி வைக்கிற மரச் சட்டத்தின் உச்சியில் ஒரு தேவதை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேலிடத்திலிருந்தும் ஆள் போட்டிருக்கிறார்கள்.

அவளுக்கு அங்கே பஞ்சு என்று பெயர். எந்த இரண்டு பேர் உரசிக்கொண்டாலும் நடுவில் பஞ்சை வைத்து அடைத்தாற்போல ஆக்கிவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளும் தன் தொழிலில் லேசுப்பட்டவள் இல்லை.

இருவருக்கும் சட்டதிட்டம் ஒன்றுதான். ஒரு குண்டூசியைக்கூட நகர்த்த முடியாது. காதில் பேசலாம், அவ்வளவுதான். கேட்கிறவருக்கு அது தன் சொந்த நினைப்பாகவே தோன்றும். அதிலும், மனசில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கிளறிவிடலாமே தவிர, இல்லாததைக் கொண்டுவந்து வைக்க முடியாது.

சிண்டு அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான். தங்கை அளந்து குறித்த கண்ணாடியை அக்கா இன்னொரு முறை அளந்து பார்ப்பாள்; எப்போதும் அப்படித்தான். "பார்த்தியா, உன் அளவுல அவளுக்கு நம்பிக்கை இல்லை" என்று தங்கை காதில் ஊதினான். அவள் வாயைத் திறப்பதற்குள், மேலிருந்து சர்ரென்று இறங்கிய பஞ்சு, "அக்கா எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான், விட்டுடு" என்றாள். தங்கை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, ஓரம் தேய்க்கும் மெஷினிடம் போய்விட்டாள்.

இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. அவன் மூட்டுவான், அவள் அணைப்பாள். அவன் வெட்டு மேஜைக்கு அடியில், மேலே விரித்த பழைய கம்பளத்தின் ஓரம் தொங்குகிற நிழலில் இருப்பான். அவள் சட்டத்தின் உச்சியில். ஆரம்பத்தில் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு, வியாபாரம் மந்தமான மதியங்களில், வேறு பேச்சுத்துணை இல்லாததால் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏய் பிசாசே, உனக்கு வேற ஊர் கிடைக்கலையா?"

"கிடைச்சுது. இங்க நீ தனியா இருப்பியேன்னு வந்தேன்."

ஒரு தடவை பஞ்சுவை மேலிடத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாள் முழுக்கக் கடை சிண்டுவின் கையில். அவள் பதறியடித்துத் திரும்பி வந்தபோது, சகோதரிகள் காலையில் எப்படி இருந்தார்களோ அப்படியே வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிண்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான்.

"என்ன பண்ணினே?" என்றாள் சந்தேகமாக.

"ஒண்ணும் பண்ணலை."

"ஏன்?"

"எதிராளி இல்லாம ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? போரடிச்சுது, படுத்துட்டேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அன்றிலிருந்து 'ஏய் பிசாசே' போய், 'இங்க பாரு சிண்டு' என்று ஆனது. அவனும் அவளைப் பஞ்சம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். அக்கா கண்ணாடியில் கட்டரை இழுக்கும்போது எழும் அந்த 'கிர்ர்' சத்தத்துக்கு இருவருமே பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரே இழுப்பு, அடியில் ஒரு தட்டு, கண்ணாடி சொன்ன இடத்தில் சொன்னபடி பிரியும். உடைப்பதையே தொழிலாகக் கொண்ட சிண்டுவுக்கு, இப்படி ஒரு சுத்தமான உடைப்பைப் பார்க்கிறபோது மெய்சிலிர்க்கும்.

அந்த அக்காவின் கையில்தான் கோளாறு வந்தது.

முதலில் பார்த்தது சிண்டு. பஞ்சு மேலிருந்து முகங்களைப் பார்ப்பாள். மேஜைக்கு அடியில் இருந்தவனுக்குக் கைகள்தான் தெரியும். அக்காவின் வலது கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்தது. மறுநாள் ஸ்குரூ. அவள் மேஜையின் கீழே கையை உதறிவிட்டுக்கொண்டாள், விரல்களைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கட்டரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். சின்ன வேலைகளை அதில் சமாளித்தாள். பெரிய ஷீட்டைத் தூக்கும்போதுதான் தெரிந்தது: பாரமெல்லாம் தங்கை பக்கம் சாய்ந்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள், இறக்கி வைத்ததும் திரும்பி நின்று தோளைப் பிசைந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்ச்சாரியில், முதல் மாடியில், நடனப் பள்ளி திறக்கப்போகிற டீச்சர் ஒருவர் வந்தார். ஒரு சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். குறுகலான மாடிப்படியில் ஏற்ற வேண்டும்.

"முடியும்" என்றாள் அக்கா, யோசிக்காமல். தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள்; பார்த்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போய்விட்டாள்.

கீழிடத்திலிருந்து சிண்டுவுக்கு உத்தரவு வந்தது: சும்மா இரு. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, காரியம் தானாக நடக்கும். மேலிடத்திலிருந்து பஞ்சுவுக்கும் வந்தது: கடையில் அமைதி நன்றாக இருக்கிறது, அதைக் காப்பாற்று.

பஞ்சு காப்பாற்றவில்லை. அக்காவின் காதருகே போய், "சொல்லிடு, கையில உணர்ச்சி இல்லைன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடு" என்று கெஞ்சினாள். ஆனால் அவள் குரலின் வாகு அப்படி. எதைச் சொன்னாலும் மெத்தென்றுதான் போய் இறங்கும். அக்காவின் மனசில் அது, 'பாவம், அவளை ஏன் பயமுறுத்தணும்' என்று ஆகிவிட்டது. தங்கையிடம் போய், "கேளு" என்றாள். அது, 'அக்கா மனசு நோகும், கேக்காதே' என்று போய் உட்கார்ந்தது.

கண்ணாடிகள் வந்து சேர்ந்து சுவரோரம் சாத்தியிருந்த காலை. மறுநாள் மாடி ஏற்ற வேண்டும். பஞ்சு சட்டத்திலிருந்து இறங்கி, முதல் முறையாக மேஜைக்கு அடியில் குனிந்து வந்தாள்.

"அண்ணே" என்றாள்.

சிண்டு எழுந்து உட்கார்ந்தான். "என்னது?"

"அண்ணேன்னு கூப்பிட்டேன்."

"காரியம்னா அண்ணன் ஆயிடுறேனா? சொல்லு."

"இவங்களுக்கு ஒரு சண்டை வேணும். நல்ல சண்டையா. என்னால முடியலை. நான் வாயைத் திறந்தாலே ரெண்டு பேரும் இன்னும் ஊமையாயிடுறாங்க. நாளைக்கு அந்தப் படியில அக்கா கை விட்டா, கீழ்ப் படியில நிக்கிறது தங்கச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"சும்மா இருன்னு உத்தரவு." சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான். அந்த உத்தரவு வந்ததிலிருந்தே அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை இவளிடம் போய்ச் சொல்ல முடியுமா? "ஒண்ணு தெரிஞ்சுக்கோ பஞ்சம்மா. நான் மூட்டினா அது நிஜமாவே மூளும். விளையாட்டுச் சண்டை எனக்கு வராது. ரெண்டு பேரும் பிரிஞ்சுகூடப் போகலாம்."

"பிரிஞ்சாலும் உசிரோட இருப்பாங்கல்ல?"

சிண்டு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டான். "நடுவுல வராதே. என்ன கேட்டாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பக்கம் போய் நில்லு."

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு வாசலோரம் போய் நின்றாள்.

தங்கை கண்ணாடிகளை அளந்து முடித்திருந்தாள். அக்கா வழக்கம்போல டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அளக்கப் போனாள். சிண்டு தங்கையின் தோளருகே நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "மறுபடியும்."

"நான் அளந்துட்டேன்" என்றாள் தங்கை.

"இன்னொரு தடவை பார்த்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோகும்?"

"எனக்குக் குறையுது. இத்தனை வருஷமாக் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. என்னிக்காவது என் அளவு தப்பா இருந்திருக்கா?"

அக்கா நிமிர்ந்தாள். சிண்டு அதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டான். 'இவளுக்கு இங்க இருக்கப் பிடிக்கலை' என்றான். அது அக்காவின் மனசில் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்ததுதான்.

"இஷ்டம் இல்லைன்னா நேராச் சொல்லேன்டி. கொஞ்ச நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தானே திரியுறே? தூக்கும்போது ஒரு பேச்சு கிடையாது, இறக்கும்போது ஒரு பேச்சு கிடையாது."

"என் மூஞ்சி உனக்குத் தெரியுது. உன் கை எனக்குத் தெரியாதா?"

வாசலில் பஞ்சு கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன கை?" என்றாள் அக்கா.

"வலது கை. இந்தா, இந்தப் பென்சிலைப் பிடி பார்க்கலாம்."

அக்கா பிடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எப்போலேர்ந்து தெரியும்?"

"கட்டரை இடது கைக்கு மாத்தினியே, அன்னிக்கிலேர்ந்து."

"தெரிஞ்சும் கல்லு மாதிரி இருந்தியா?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்! ஒவ்வொரு ஷீட்டும் என் தோள்லதான் ஏறுது. படுத்தாப் புரள முடியலை. அவரு கேட்டா, சுளுக்குன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா, யாரோ டீச்சர் வந்து கேட்டதும் 'முடியும்'கிறே. யாருக்கு முடியும்? நாளைக்குப் படியில நீ விட்டேன்னா, என் தலையிலதான் விழும். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஞாபகம் இருக்கா உனக்கு?"

"பயமா இருந்தா வராதே. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"அப்பவும் உன் கையைப் பத்திப் பேச மாட்டே?"

"உன்னை வளர்த்து ஆளாக்கினேன் பாரு, எனக்கு வேணும்."

தங்கை கையுறைகளைக் கழற்றி மேஜையில் எறிந்தாள். "வளர்த்ததைச் சொல்லிக் காட்டிட்டேல்ல? சந்தோஷம்" என்றாள். வெளியே போய்விட்டாள்.

பஞ்சு ஓடி வந்தாள். "அந்த வளர்த்த பேச்சு எதுக்கு? ஏமாத்திட்டியே, பாவி! கடைசியில உன் வேலையை முடிச்சுக்கிட்டே!"

"அதை நான் சொல்லலை. அது அவளா சொன்னது." சிண்டுவின் குரல் நடுங்கவில்லை, இந்த இடம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. "உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தாச்சு. இனிமே என் சரக்கு வேண்டாம், உன் சரக்குதான் வேணும். தங்கச்சி பின்னாடி ஓடு."

"நான் போனதும் நீ இவகிட்ட என்ன ஓதுவே?"

"என்னை நம்பு."

"பிசாசை நம்பறதா?"

"அண்ணேன்னு கூப்பிட்டியே, அவனை நம்பு."

பஞ்சு ஒரு கணம் தயங்கினாள். பிறகு வெளியே பறந்தாள்.

கடையில் அக்காவும் சிண்டுவும் மட்டும் இருந்தார்கள். அக்கா மேஜையில் கிடந்த கையுறையை வலது கையால் எடுக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிண்டு பழக்கதோஷத்தில் அவள் காதருகே குனிந்துவிட்டான். நுனிநாக்கில் வார்த்தை தயாராக இருந்தது: 'நன்றி கெட்டவ, போகட்டும் விடு.' அதைச் சொன்னால் போதும். சகோதரிகள் இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ள மாட்டார்கள். கீழிடத்தில் அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவார்கள். பஞ்சு திரும்பி வந்து ஒன்றும் செய்ய முடியாது.

அவன் அந்த வார்த்தையை விழுங்கினான். வார்த்தையை விழுங்கிப் பழக்கமே இல்லாதவன். அது தொண்டையில் சில்லு மாதிரி இறங்கியது. பதிலுக்கு இதமாக ஏதாவது சொல்லலாம் என்றால், அந்த வித்தை அவனுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், இரண்டு பேருக்கு நடுவில் சிண்டு முடிவது. அங்கே இரண்டாவது ஆள் இல்லை. ஆனால் அக்காவுக்குள்ளே அவளுடைய வீம்பு உட்கார்ந்திருந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் போய்ச் சிண்டு முடிந்தான்.

"அவ தலையில விழும்னு தெரிஞ்சும் முடியும்னியே. யாரு பேச்சைக் கேட்டுச் சொன்னே? இந்த வீம்பு பேச்சைக் கேட்டுத்தானே? அது ஷீட்டைப் பிடிக்குமா?"

அக்கா தன்னையே முறைக்கிறவள் மாதிரி கண்ணாடியில் பார்த்தாள். "சீ" என்றாள் சத்தமாக. "என்ன வீம்பு இது?"

எழுந்தாள். கடையைப் பூட்டாமல்கூட வெளியே இறங்கினாள். அந்தக் கடை வேலை நேரத்தில் ஆள் இல்லாமல் கிடந்தது அதுதான் முதல் தடவை. சிண்டு வாசலுக்கு ஓடி வந்து பார்த்தான். அக்கா வேகமாகப் போகிறாள். எதிரே தங்கை அதைவிட வேகமாகத் திரும்பி வருகிறாள். பக்கத்தில் பஞ்சு, மூச்சிரைக்க. இருவரும் தெருவின் நடுவில் முட்டிக்கொண்டு நின்று மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். காய் வாங்க வந்தவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கத்தலுக்கு நடுவிலேயே தங்கை அக்காவின் வலது கையைப் பிடித்து, விரல் விரலாக அமுக்கி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியலைடி. இதுவும் தெரியலை" என்று அக்கா அழுதாள்.

"என்ன சொல்லி அழைச்சுட்டு வந்தே?" என்று பிறகு சிண்டு கேட்டான். "பொறுத்துப் போன்னா?"

"இல்லை" என்றாள் பஞ்சு, கொஞ்சம் கூச்சத்தோடு. "'பாதியிலே வந்துட்டியே, திரும்பிப் போய் மிச்சத்தையும் கேளு'ன்னேன்."

சிண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, ஒரு சின்ன ஆபரேஷன் போதும், ஆனால் இனி கனம் தூக்கக் கூடாது என்றார். நடனப் பள்ளி டீச்சரிடம் தங்கையே போய்ப் பேசி, கொஞ்ச நாள் அவகாசம் வாங்கினாள். கண்ணாடிகளை ஏற்றிய அன்று தங்கையின் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். பக்கத்துக் கடைத் தச்சர் தன் ஆட்களோடு வந்தார். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடிகளை வாடகைக்கு எடுத்தார்கள். அக்கா கையில் கட்டோடு மேல்படியில் நின்று, "இடது பக்கம்! உங்களுக்கு இடது எதுன்னு யாரும் சொல்லித் தரலையா?" என்று தெருவே கேட்கும்படி அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லாமல் சுவர் முழுக்கக் கண்ணாடி ஏறியது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் சத்தத்துக்குக் குறைவில்லை. அளவுக்குச் சண்டை, சட்டத்தில் கண்ணாடியை ஒட்டவைக்கிற புட்டிக்குச் சண்டை, மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்குச் சண்டை. எதையும் யாரும் விழுங்குவதில்லை. அக்காவின் விரல்களில் மெல்ல உணர்ச்சி திரும்பியது. தங்கை வெட்டப் பழகினாள்; அக்கா பக்கத்தில் நின்று குறை சொன்னாள்; தங்கை திருப்பிச் சொன்னாள்.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் விசாரணைக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "என்னம்மா இது, இவ்வளவு சத்தம்?" என்றார். சிண்டு மேஜைக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் இருந்தான்.

"சத்தம்தாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க" என்றாள் பஞ்சு. அவள் குரலில் இப்போது ஒரு திடம் இருந்தது.

பெரியவர் நின்று பார்த்தார். தங்கை கத்திக்கொண்டே அக்காவின் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள். அக்கா கத்திக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பெரிய பங்கைத் தங்கை பக்கம் தள்ளினாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

கீழிடத்து மேஸ்திரி வந்தபோது, அவருக்குச் சத்தத்தைக் கேட்டதுமே வாயெல்லாம் பல். "சும்மா இருன்னு சொன்னா, சாதனையே பண்ணி வச்சிருக்கியேடா சிண்டு! உனக்குப் பெரிய இடம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பெரிய பங்களா, வீடு நிறைய அண்ணன் தம்பிங்க. கிளம்பு."

சிண்டு நிமிர்ந்து பார்த்தான். மரச் சட்டத்தின் மேல் பஞ்சு காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"இங்க வேலை பாக்கி இருக்கு" என்றான் அவன்.

"இதுக்கு மேல என்ன பாக்கி?"

"இவங்க கொஞ்சம் விட்டாச் சமாதானம் ஆயிடுற ஜாதி. ஆள் பக்கத்துலயே இருந்து கவனிக்கணும். வேற யாரையாவது நம்பி விட்டுட்டுப் போக மனசு வரலை."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பொறுப்பான பிசாசை அவர் பார்த்ததில்லை. முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"அண்ணே" என்று மேலிருந்து குரல் வந்தது. "வாங்க, இங்க காத்து நல்லா வருது."

"இரு" என்றான் சிண்டு. "தங்கச்சி பெரிய ஷீட்ல முதல் தடவையாக் கட்டர் வைக்கிறா. பார்த்துட்டு வரேன்."